நான்கு நட்டு மஸ்டாங்: சறுக்கியதும் சீர்செய்ததும்

சக்கரத்தில் எத்தனை நட்டுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல், முன்மூடியைத் திறந்ததும் தெரிந்த 289 கன அங்குல வி8 எஞ்சினில் மயங்கி, மிச்சிகனில் ஒரு பழைய கொட்டகையிலிருந்து 1966-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சக்கரங்களில் நான்கே நட்டுகள். வண்டியின் அடையாள எண் 6எஃப்07டி என்று தொடங்கியது: 6 என்பது 1966, எஃப் என்பது டியர்பார்ன் ஆலை, 07 என்பது கூரை மூடிய கூபே, டி என்பது 200 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின். வி8 மஸ்டாங்குகளுக்கு ஐந்து நட்டு. யாரோ பிற்காலத்தில் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு, ஆறு சிலிண்டர் வண்டியின் மெலிந்த பின் அச்சையும் சிறிய டிரம் பிரேக்குகளையும் அப்படியே விட்டிருந்தார். போதாக்குறைக்கு அந்த 289-இன் பிளாக் (சிலிண்டர்கள் அடங்கிய இரும்பு உடல்), உறைதடுப்புத் திரவம் ஊற்றாமல் ஏதோ ஒரு குளிர்காலத்தைக் கழித்ததில் விரிசல் விட்டிருந்தது.

எஞ்சினுக்கு முன்னால் பிரேக்கைக் கவனிக்க வேண்டும் என்ற புத்தி எனக்குத் தானாக வரவில்லை. வீட்டு வாசலில் வண்டியைத் தள்ளி நிறுத்தும்போது பின்பக்கக் குழாய் ஒன்று துருவில் பிய்ந்து, பெடல் தரைவரை இறங்கியது. வண்டி குப்பைத் தொட்டியில் முட்டித்தான் நின்றது. 1966 வரை மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதிக்கும்போது பிரேக் திரவத்தைக் குழாய்களுக்குள் தள்ளும் பாகம், ஒற்றை அறை கொண்டது. ஆகையால் ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். 1967 மாடலில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறைகள் வந்தன. அந்த வகை மாஸ்டர் சிலிண்டர், முன்சக்கர டிஸ்க் பிரேக், ஐந்து நட்டுடன் கூடிய 8 அங்குலப் பின் அச்சு ஆகியவற்றை மாற்றி முடிக்க ஒரு கோடைக்காலம் முழுவதும் போனது. இந்த வண்டிக்குச் செய்த மாற்றங்களில் இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன்.

அடுத்தது துரு. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் துளைவரிசையில் தோட்டக்குழாயால் தண்ணீர் விட்டுப் பார்க்குமாறு நண்பர் ஒருவர் சொன்னார். இரண்டு நிமிடத்தில் பயணி பக்கத்துக் கால்வைக்கும் இடத்தில் சொட்டுச் சத்தம் கேட்டது. கம்பளத்தைத் தூக்கினால் தரைத்தகடு மழையில் நனைந்த அப்பளம்போல் விரலுக்கு இடம் கொடுத்தது. அந்தக் காலத்து மஸ்டாங்குகளுக்கெல்லாம் பொதுவான நோய் இது. மேல் தகட்டைக் கழற்ற, நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் குடைந்தெடுக்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, முதுகு வலித்தது.

எஞ்சினுக்கு, 1980-களின் பிற்பகுதியில் வந்த மஸ்டாங் ஒன்றின் 5.0 லிட்டர் எஞ்சினைப் பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் வாங்கினேன். அதன் எண்ணெய்த் தொட்டி என் வண்டியின் குறுக்குச் சட்டத்தில் இடித்ததால், பள்ளம் முன்பக்கம் உள்ள தொட்டியைப் பொருத்தினேன். கார்புரேட்டர் வைப்பதற்காக, விரிசல் விட்ட 289-இன் இன்டேக் மானிஃபோல்டையே (எரிபொருள் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) எடுத்துப் போட்டேன். அங்கேதான் ஏமாந்தேன். அந்த வார்ப்பிரும்பின் மேலேயே 1-5-4-2-6-3-7-8 என்று எரியும் வரிசை, அதாவது எந்தச் சிலிண்டருக்குப் பின் எது எரியும் என்ற முறை, வார்க்கப்பட்டிருந்தது. நானும் அதைப் பார்த்தே பிளக் வயர்களை மாட்டினேன். 5.0 எஞ்சினின் கேம்ஷாஃப்ட்டுக்கு (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) உரிய வரிசையோ 1-3-7-2-6-5-4-8. இரண்டிலும் 1, 2, 6, 8 ஆகியவற்றின் முறை ஒன்றே என்பதால் எஞ்சின் செத்துப்போகாமல் நான்கு சிலிண்டர்களில் ஓடி, மற்ற நான்கையும் கார்புரேட்டர் வழியே வெடித்துத் தள்ளியது. நான் இரண்டு வாரம் கார்புரேட்டரைத்தான் பிரித்துக்கொண்டிருந்தேன்.

வயர்களைச் சரியாக மாற்றிய பிறகு எஞ்சின் இனிமையாக ஓடியது, நிமிடத்துக்கு 2,500 சுற்றுகள் வரை. அதற்கு மேல் பின்கண்ணாடியில் எதுவும் தெரியாத அளவுக்கு அதிர்வு. காரணம் மீண்டும் அதே சிக்கனம்: எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலையும் 289-இலிருந்தே எடுத்திருந்தேன். அதிர்வைத் தணிக்க அதில் வைக்கும் சமன் எடையின் கணக்கு, பழைய எஞ்சின்களில் 28 அவுன்ஸ். 1980-களின் தொடக்கத்திலிருந்து அது 50 அவுன்ஸ். போல்ட் துளைகள் அச்சாகப் பொருந்தும், எடை பொருந்தாது. கியர்பாக்ஸை மறுபடி இறக்கி, 50 அவுன்ஸ் ஃபிளைவீல் மாட்டினேன். இரண்டு வார இறுதிகள் போயின.

மறுமொழி: ஒஹாயோவிலிருந்து ஓர் உறுப்பினர்

அண்ணா, உங்கள் எஞ்சினில் ரோலர் கேம்ஷாஃப்ட் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். என்னுடையது 1970 ஷெவர்லே ஷெவல் கார், 350 கன அங்குல எஞ்சின், பழைய தட்டை லிஃப்டர் வகை (கேம்ஷாஃப்ட்டின் மேடுகளில் உருளாமல் உரசி நகரும் பாகம்தான் இந்த லிஃப்டர்). அத்தகைய புதுக் கேம்ஷாஃப்ட்டை முதன்முதலாக ஓட்டும்போது உடனே 2,000 சுற்றுகளுக்கு மேல் ஏற்றி, சுமார் 20 நிமிடம் இறக்காமல் வைத்திருக்க வேண்டும். டைமிங் சரியாக இல்லாததால் நான் ஸ்டார்ட்டரைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். பிடித்ததும் மெதுவாக ஓடவிட்டு ஒழுகல் தேடினேன். ஊற்றியதும் இன்றைய கார்களுக்கான சாதாரண எண்ணெய். புகையைச் சுத்தப்படுத்தும் வினைமாற்றிகளை (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) காப்பதற்காக அதில் துத்தநாகச் சேர்க்கையைக் குறைத்துவிட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு மாதத்தில் டப்டப் என்று சத்தம். எண்ணெய் ஃபில்டரை அறுத்துப் பிரித்தால் காகித மடிப்புகளுக்குள் ஜரிகைத் தூள்போல் மின்னியது. காந்தத்தை நீட்டினேன், ஒட்டிக்கொண்டு வந்தது. கேம்ஷாஃப்ட்டின் இரண்டு மேடுகள் வட்டமாகத் தேய்ந்திருந்தன. முழு எஞ்சினையும் பிரித்துக் கழுவி, ரோலர் லிஃப்டருக்கு மாறினேன். பழைய கேம்ஷாஃப்ட் இன்னும் என் மேசைமேல் கிடக்கிறது.

பின் அச்சு மாற்றியபோது கைபிரேக் கேபிள் நீளம் பொருந்தியதா? என்னுடையது தொங்கிக்கொண்டிருக்கிறது.