கெராச்சுட் நடை: சனிக்கிழமை ஏற்பாடு (குடும்பக் குழு)

பிரியா: மாமா, வர்ற சனிக்கிழமை பிள்ளைங்களோட பினாங்கு தெலுக் பகாங் தேசியப் பூங்காவுக்குப் போலாம்னு இருக்கோம். 5, 9, 12 வயசு. அம்மாவும் வர்றாங்க, 63. எந்தப் பக்கம் நடந்தா நல்லது? பந்தாய் கெராச்சுட் கடற்கரையா, தெலுக் டுயோங் கடற்கரையா?

விக்னேஷ்: டுயோங் போனா அப்படியே மூக்கா ஹெட் கலங்கரை விளக்கத்தையும் பாத்துடலாம் அக்கா.

ரவி மாமா: கலங்கரை விளக்கம் இந்த முறை வேணாம் விக்கி. அது 1883-ல கட்டினது, கருங்கல், 14 மீட்டர் உயரம், பாக்க வேண்டியதுதான். ஆனா நிக்கிறது கடல் மட்டத்துக்கு மேல 242 மீட்டர்ல. டுயோங் மணல்லேர்ந்து ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்குள்ள அவ்வளவும் ஏறணும். டுயோங் வரைக்கும் நடந்து கால் அசந்த பிறகுதான் அந்த ஏத்தம் ஆரம்பிக்கும். 5 வயசு பிள்ளையை இறங்கும்போது தூக்க வேண்டி வரும், அங்கதான் தூக்குறவர் வழுக்குவார்.

ரவி மாமா: பிரியா, வழியைச் சொல்றேன். வாசல்ல பதிவு பண்ணிட்டு உள்ள போனா மொதல் பத்து நிமிஷம் கடலோரமா சமமான பாதை. தொங்கு பாலத்துக்கிட்ட ரெண்டாப் பிரியும். கடலை ஒட்டியே போனா தெலுக் ஆலிங், அதுக்கப்புறம் டுயோங். இடது பக்கம் மலை ஏறினா கெராச்சுட். ரெண்டும் வாசல்லேர்ந்து ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர்.

ரவி மாமா: டுயோங் வழி உயரம் கம்மி, ஆனா வேரு, பாறை, ஏறி இறங்கி ஏறி இறங்கின்னு போயிட்டே இருக்கும். கரையோரம் மழையில அரிச்சுப் போற இடமும் உண்டு. கெராச்சுட் வழி ஒரே ஏத்தம், ஒரே இறக்கம். நடுவுல ஒரு முகடு. முழுக்க நிழல். பிள்ளைங்களுக்கு எனக்கு கெராச்சுட்தான் சரின்னு படுது. போய்ச் சேர்ந்தா பாக்கவும் ஆமை, ஏரி ரெண்டும் இருக்கு.

பிரியா: அம்மாவுக்கு முட்டி வலி மாமா. ஆனா தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயில் 513 படியும் ஏறிட்டாங்க.

தேவி அக்கா: ஏறினது சரி பிரியா, முட்டியைப் படுத்துறது இறக்கம். தண்ணீர்மலையில படி ஒரே அளவு, கைப்பிடி இருக்கு, கால் தன்னால போகும். கெராச்சுட்ல முகடு தாண்டி இறங்கும்போது ஒரு அடி சின்னது, அடுத்தது முழங்கால் உயரம். ஒவ்வொரு அடியையும் பாத்து வைக்கணும். அம்மா பாலம் வரைக்கும் பிள்ளைங்களோட நடக்கட்டும். மனசு இருந்தா தெலுக் ஆலிங் பக்கம் கொஞ்சம் போய்ட்டு திரும்பட்டும். நான் கூட இருக்கேன். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் தெலுக் பகாங் படகுத்துறைலேர்ந்து போட்ல கெராச்சுட் வந்துடுறோம்.

பிரியா: அது நல்ல யோசனை அக்கா. அம்மா ஆமையையும் பாத்துடுவாங்க.

விக்னேஷ்: அப்ப எல்லாரும் காலையில போட்ல போய்ட்டு நடந்து திரும்பலாமே? காலையில கடல் அமைதி. போட் வருமா வராதான்னு அங்க உக்காந்து காத்திருக்கவும் வேணாம்.

ரவி மாமா: பெரியவங்க மட்டும்னா நானும் அதைத்தான் சொல்லுவேன். பிள்ளைங்க இருந்தா மாத்திப் போடணும். மணல்ல ரெண்டு மணி நேரம் ஆடிட்டு 12 மணி புழுக்கத்துல ஏத்தம் ஏறச் சொன்னா 5 வயசு கால் வழியிலயே நின்னுடும். மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் இடிச்சுக்கிட்டு வரும். நனைஞ்ச வேர் சோப்பு மாதிரி. அதனால குளிர்ச்சியில நடை, மதியம் போட்.

ரவி மாமா: விக்கி சொல்ற பயமும் நியாயமானதுதான். கெராச்சுட் மேற்கப் பாத்த கரை. மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து அடிக்கிறப்ப அலை பெருசாகி போட் கரையை ஒட்ட முடியாமப் போகும். இப்ப பிப்ரவரி, வறண்ட மாசம், கடல் பெரும்பாலும் நல்லா இருக்கும். இருந்தாலும் போட் வரலைன்னா நடந்து திரும்புற அளவுக்குத் தண்ணியும் தெம்பும் கையில வச்சுத்தான் போகணும். கொண்டு போற தண்ணியில மூணுல ஒரு பங்கை போட்ல கால் வைக்கிற வரைக்கும் தொடாதீங்க.

பிரியா: எவ்வளவு தண்ணி மாமா?

ரவி மாமா: பெரியவங்களுக்கு ஒன்றரை லிட்டர், பெரிய பிள்ளைங்களுக்கு 1 லிட்டர், சின்னவனுக்கு முக்கால். வழியில வாங்க இடம் இல்ல, ஓடைத் தண்ணியும் குடிக்கக் கூடாது. ஒரே பெரிய பாட்டில் வேணாம், ஆளுக்கு ஒண்ணு. 15 நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டு மடக்கு குடிக்க வைங்க. தாகம்னு பிள்ளை சொல்ற வரைக்கும் காத்திருந்தா லேட்.

தேவி அக்கா: வெறும் தண்ணி மட்டும் பத்தாது. இந்த ஈரக்காத்துல வேர்வை காயாது, உடம்பு குளிராது, வேர்த்துக்கிட்டே இருக்கும், உப்பும் கூடவே போகும். ஹண்ட்ரட் ப்ளஸ் உப்புச்சத்து பானம் ஒரு பாட்டில், ஒரு பொட்டலம் ஆசாம் போய் (உப்புப் போட்டுக் காயவச்ச புளிப்புப் பழம்) வைங்க. பிள்ளைக்கு தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்கு, பேச்சு கொறைஞ்சு மந்தமா இருக்கான்னா நடையை நிறுத்தி உக்கார வைங்க. சட்டையைக் கழட்டி கழுத்தையும் அக்குளையும் நனைச்சு விசிறணும். கொஞ்ச நேரத்துல தெளியலைன்னா மேல போகாதீங்க.

கமலா அத்தை: சாப்பாடு நான் சொல்றேன். தயிர்ச்சாதம் வேணாம், அந்தச் சூட்டுல புளிச்சுடும். நாசி லெமாக்கும் அப்படித்தான், அது தேங்காப்பால் சோறு, மதியம் வரைக்கும் தாங்காது. அதை காலையில வாசல்ல பசியாறிடுங்க. உள்ள கொண்டு போறதுக்கு புளிச்சாதம், அவிச்ச முட்டை, பிஸ்கட். எல்லாம் மூடி போட்ட டப்பாவுல. பிளாஸ்டிக் பை ஒண்ணு கூட கையில தொங்கக் கூடாது.

விக்னேஷ்: குரங்குக்காகவா அத்தை?

கமலா அத்தை: ஆமா. பை சரசரன்னாலே அதுங்களுக்குச் சாப்பாடுன்னு பழகிப் போச்சு. மனுசங்க குடுத்துக் குடுத்துப் பழக்கினதுதான். டப்பா முதுகுப் பைக்குள்ள, ஜிப் பூட்டி இருக்கணும்.

ரவி மாமா: பிள்ளைங்களுக்கு மூணு விஷயம் முன்கூட்டியே சொல்லிடுங்க. கண்ணைப் பாக்காத, பல்லைக் காட்டிச் சிரிக்காத, ஓடாத. பல்லு தெரிஞ்சா அது மிரட்டல்னு எடுத்துக்கும். எதையாவது புடுங்கிட்டா விட்டுடணும், திருப்பி இழுத்தாத்தான் கடி. சின்னவனை ரெண்டு பெரியவங்களுக்கு நடுவுல நடக்க விடுங்க. கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்கு மரத்து மேல இருக்கும், அது இலை திங்கிற சாது. தூரத்துல நின்னு காட்டலாம், பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ரவி மாமா: செருப்பு போட்டு வராதீங்க. கம்போங் அடிடாஸ் வாங்குங்க. பால்மரம் வெட்டுறவங்க போடுற கறுப்பு ரப்பர் சப்பாத்து, மளிகைக் கடையிலயே கிடைக்கும். அடியில முள்ளு முள்ளா இருக்கிறது ஈர மண்ணையும் வேரையும் அப்படியே பிடிக்கும், நனைஞ்சாலும் சீக்கிரம் காயும். ஒரு அளவு பெருசா எடுத்து கனமான காலுறையோட போடணும். வெறுங்காலோட போட்டா குதிகால்ல கொப்புளம். உள்ளங்காலுக்கு மெத்து கிடையாது, அதனால வயசானவங்களுக்கு நல்ல ஓடுற சப்பாத்தே போதும்.

பிரியா: பாம்பு இருக்குமா மாமா? பெரியவ கேக்குறா.

ரவி மாமா: காடுன்னா இருக்கும். பயான் லெப்பாஸ் பாம்புக் கோயில்ல பாக்குற அதே பச்சை விரியன் இந்தத் தீவுக் காட்டுலயும் உண்டு. பகல்ல தாழ்ந்த கிளையில அசையாம சுருண்டு கிடக்கும். தொரத்தாது. ஆபத்து எங்கன்னா, ஏறும்போது பாக்காம கிளையைப் பிடிக்கிற கை. பிடிக்கிறதுக்கு முன்னால கண்ணு போகணும், உக்காருறதுக்கு முன்னாலயும்தான். இதை மட்டும் பழக்குங்க.

விக்னேஷ்: கெராச்சுட்ல குளிக்கலாமா?

தேவி அக்கா: கூடாது. கடல் சட்டுனு ஆழமாகும், இழுப்பு இருக்கு. சொறிமீனும் (ஜெல்லிஃபிஷ்) இருக்கு. பினாங்குக் கரையில பெட்டிச் சொறிமீன் வருது, அதைத்தான் தெலுக் ஆலிங்ல இருக்கிற அறிவியல் பல்கலைக்கழகக் கடல் ஆய்வு மையத்துல ஆராயுறாங்க. உடம்பு கண்ணாடி மாதிரி, தண்ணியில தெரியவே தெரியாது. கரையில ஒதுங்கிச் செத்துக் கிடந்தாலும் கொட்டும், பிள்ளைங்க குச்சியில கூடத் தொடக் கூடாது.

தேவி அக்கா: பட்டுட்டா வினிகரை குறைஞ்சது அரை நிமிஷம் ஊத்திக்கிட்டே இருக்கணும். நல்ல தண்ணி ஊத்தாதீங்க, மணலால தேய்க்காதீங்க. தோல்ல ஒட்டியிருக்கிற வெடிக்காத கொடுக்கு எல்லாம் அப்பத்தான் வெடிக்கும். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலிச்சாலோ 999. கைபேசி அலை காட்டுக்குள்ள விட்டு விட்டுத்தான் வரும், அதனால ஆமை நிலையத்துல இருக்கிறவங்ககிட்ட ஓடுங்க.

பிரியா: ஆமை இப்ப இருக்குமா?

ரவி மாமா: பச்சை ஆமை ஏப்ரல்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் முட்டையிட வரும். லிப்பாஸ் ஆமை (ஒலிவ் ரிட்லி) செப்டம்பர்லேர்ந்து பிப்ரவரி. வர்றது ராத்திரியில. பகல்ல நாம பாக்குறது மீன்வளத் துறை நிலையத்துல முட்டை புதைச்ச வேலியும், இருந்தா தொட்டியில குஞ்சுகளும். குஞ்சு எல்லா நாளும் இருக்காது, பிள்ளைங்ககிட்ட உறுதி குடுக்காதீங்க. தொட்டிக்குள்ள கை விட வேணாம்.

ரவி மாமா: ஏரியும் அப்படித்தான். மேல ஓடை கொண்டு வர்ற நல்ல தண்ணி, அடியில கடல் தண்ணி. உப்புத் தண்ணி கனம்கிறதால ரெண்டும் கலக்காம அடுக்கடுக்கா நிக்கும். உலகத்துலயே அபூர்வமான ஏரி. ஆனா வறண்ட மாசத்துல வத்தி வெறும் சேறா இருக்கலாம். ஏரிப் பாலத்து மேல நின்னு பாருங்க, சேத்துல இறங்க விடாதீங்க. வீட்டுல ஒரு கண்ணாடிக் குவளையில சாயம் போட்ட உப்புத் தண்ணி, அதுக்கு மேல கரண்டியில மெதுவா நல்ல தண்ணி ஊத்திக் காட்டிட்டுக் கூட்டிட்டு வாங்க. காஞ்சு கிடந்தாலும் அப்ப பிள்ளைங்களுக்குப் புரியும்.

பிரியா: அருமை மாமா, நாளைக்கே செய்றேன். நேரம் எப்படி வச்சுக்கலாம்?

ரவி மாமா: எட்டு மணிக்குப் பதிவு, எட்டரைக்குள்ள நடை. பெரியவங்க தனியா ஒன்றரை மணியில போயிடலாம். சின்னவனோட ரெண்டு மணி நேரம் வைங்க. 10 மணிக்குள்ள முகட்டைத் தாண்டலைன்னா அங்கேயே திரும்புறது. இதை இப்பவே பேசி முடிச்சிடணும், அங்க போய் "இன்னும் கொஞ்சம்தானே"ன்னு யாரும் இழுக்கக் கூடாது. திரும்பினா தேவிக்கு ஒரு செய்தி அனுப்பிடுங்க, கைபேசி அலை கிடைக்கிற இடத்துலேர்ந்து. பன்னிரண்டரைக்கு போட்.

விக்னேஷ்: போட்டை நான் காலையில பேசிடுறேன். எத்தனை வெள்ளி (ரிங்கிட்)ன்னு தலைக்கா, போட்டுக்கா?

ரவி மாமா: போட்டுக்குத்தான். போக வர எத்தனை நடை, எத்தனை பேர், எத்தனை மணின்னு எல்லாம் சேத்துப் பேசு. கெராச்சுட் போய் அழைப்பு போகும்னு நம்பாத, நேரத்தைக் கரையிலயே உறுதி பண்ணிடு. மிதவைச் சட்டை பிள்ளை அளவுல இருக்கான்னு ஏறுறதுக்கு முன்ன மாட்டிப் பாரு. தோள்பட்டையைப் பிடிச்சுத் தூக்கினா காதுக்கு மேல ஏறக் கூடாது, ஏறினா அது பெரிய அளவு. பிள்ளை அளவு இல்லைன்னா வேற போட்.

கமலா அத்தை: கழிவறை வாசல்லயே போய்ட்டு வாங்க எல்லாரும். குப்பைக்கு ஒரு காலி டப்பா தனியா வைக்கிறேன், ஒரு தோல் கூட அங்க போடாம வந்துடணும்.

தேவி அக்கா: சாயங்காலம் மணல்ல அகாஸ் (பொடி ஈ) கடிக்கும், அதுக்கு முன்னாடி கிளம்பிடுறோம், சரிதான். கொசுத் தைலம் என்கிட்ட இருக்கு.

பிரியா: கார்ல வர முடியாதவங்க 101 பஸ்ஸுல வரலாமா அக்கா? பக்கத்து வீட்டு ஆண்ட்டி கேட்டாங்க.

தேவி அக்கா: வரலாம். ஜார்ஜ்டவுன் கொம்தார்லேர்ந்து தெலுக் பகாங் வரைக்கும் போகும். வழியில பத்து ஃபெரிங்கிங்கிற ஊர்ல நெரிசல் ஆகும், அதனால ஏழு மணிக்கு முன்னாடி ஏறச் சொல்லு.

ரவி மாமா: வெள்ளிக்கிழமை ராத்திரி கனமா மழை பெஞ்சா காலையில பூங்கா ஆப்பிஸ்ல பாதை திறந்திருக்கான்னு கேட்டுட்டுத்தான் நடக்கணும். மண்ணு சரிஞ்சு மூடுவாங்க. மூடியிருந்தா எல்லாரும் பாலம் வரைக்கும் போய்ட்டு போட்ல போறோம். வினிகர் யார் கொண்டு வர்றது?

தேவி அக்கா: நான். ரெண்டு பாட்டில், ஒண்ணு நடக்கிறவங்க பையில, ஒண்ணு எங்க போட்ல.