மதுரையில் மாதாந்திர டெவலப்பர் சந்திப்பு: இடம், நெட், எழுத்து

வைகைக்கரை:
மாசம் ஒரு ஞாயிறு, 25–30 பேர், கிட் (Git, கோடு மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கருவி), ஓப்பன் சோர்ஸ் (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்) ரெண்டையும் கையாலேயே செய்து பழகுற மாதிரி ஒரு கூட்டம் ஆரம்பிக்கணும். தேனி, திண்டுக்கல், சிவகங்கை கல்லூரிப் பிள்ளைகளும் வரணும். இடம் எந்தப் பக்கம் பார்க்கலாம்? நெட் படுத்துச்சுன்னா என்ன வழி? கூடவே இன்னொன்னு: கத்துக்கிறதைக் குறிப்பா எழுதணும், தமிழா இங்கிலீஷா?

ஆரப்பாளையத்தான்:
தேனி, திண்டுக்கல் பஸ் ஆரப்பாளையத்துல நிக்கும். சிவகங்கை, ராமநாதபுரம் பஸ் மாட்டுத்தாவணியில. ரெண்டுல ஒண்ணுக்கு ஒரே டவுன் பஸ்ஸில் போற இடமா பாருங்க. எல்காட் (தமிழக அரசு நிறுவனம்) ஐடி வளாகம் ரெண்டும் ரெண்டு திசை: இலந்தைக்குளம் மாட்டுத்தாவணிக்குப் பக்கம், வடபழஞ்சி மேற்கே. மாசாமாசம் இடத்தை மாத்தினா பாதிப் பேர் வழியிலயே கழண்டுருவாங்க. 10:30-க்கு ஆரம்பிச்சு 1 மணிக்கு முடிங்க. தேதி குறிக்கும்முன்னே தினக்காட்டியில முகூர்த்தம் பாருங்க. அன்னிக்கு வெளியூர்ப் பிள்ளைக்குப் பஸ்ஸில் நிக்கக்கூட இடம் இருக்காது. சித்திரைத் திருவிழா வாரத்துல கூட்டமே வேணாம்.

கட்டளைவரி:
500 எம்பி ரெப்போவை (ஒரு ப்ராஜெக்ட்டோட கோடும் அதோட மாற்ற வரலாறும் இருக்கிற கிடங்கு) 30 பேர் ஒரே நேரத்துல இழுத்தா 15 ஜிபி. எந்த ஹாட்ஸ்பாட்டும் தாங்காது. முந்தின நாளே 'கிட் பண்டில் கிரியேட்' போட்டு, கடைசியில் 'ஆல்' ஆப்ஷன் சேர்த்து, மொத்தத்தையும் ஒரே ஃபைலா ஆக்கி நாலு பென்டிரைவில் ஏத்திருங்க. ஃபோல்டராவே காப்பி பண்ணாதீங்க. அப்படிப் பண்ணிட்டு பென்டிரைவிலிருந்து குளோன் (ரெப்போவை முழுசா நகல் எடுக்கிறது) பண்ணும்போது சில மெஷினில் ஓனர்ஷிப் சந்தேகம்னு கிட் முரண்டு பிடிக்கும். பண்டில் ஃபைலை அவங்கவங்க ஹார்ட்டிஸ்குக்கு காப்பி பண்ணி, அதிலிருந்தே குளோன்.

எல்லாரும் வழுக்குற இடம் இதுக்கு அடுத்தது. இப்படிக் குளோன் பண்ணினா 'ஆரிஜின்' (ரெப்போ எங்கிருந்து வந்துச்சுன்னு கிட் குறிச்சு வைக்கிற முகவரி) அந்த பண்டில் ஃபைலைத்தான் காட்டும். 'கிட் ரிமோட் செட்-யூஆர்எல்' போட்டு அவங்கவங்க ஃபோர்க்குக்கு (கிட்ஹப் தளத்துல அவங்க பேருல இருக்கிற நகல்) மாத்தலைன்னா புஷ் (மாத்தினதை மேலே ஏத்துறது) போகாது. பிள்ளைங்க நெட்டைத் திட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இந்த ஒரு வரியை போர்டுல பெருசா எழுதிப் போடுங்க.

2021 ஆகஸ்டிலிருந்து கிட்ஹப்பில் புஷ் பண்ண அக்கவுண்ட் பாஸ்வேர்டு செல்லாது. டோக்கனை (பாஸ்வேர்டுக்குப் பதிலா கிட்ஹப் தர்ற சாவி) வீட்டிலயே உருவாக்கிட்டு வரச் சொல்லுங்க. எஸ்எஸ்எச் (சாவி ஃபைல் வச்சுப் பாதுகாப்பா இணையுற வழி) வச்சிருக்கவங்களுக்கு, அது வழக்கமாப் போற 22-ஆம் போர்ட் (நெட் வாசல்) கல்லூரி நெட்டில் பெரும்பாலும் அடைச்சிருக்கும். கிட்ஹப் 443 வழியாகவும் எஸ்எஸ்எச் எடுக்கும், கான்ஃபிக் ஃபைலில் ஹோஸ்ட்டையும் போர்ட்டையும் மாத்தினாப் போதும்.

நூல்கண்டு:
எழுத்து விஷயம். விளக்கம் தமிழ்ல, எர்ரர் மெசேஜ் வந்தபடியே இங்கிலீஷ்ல. மொழிபெயர்த்தீங்கன்னா தேடுறவன் கையில் சிக்காது. ஸ்கிரீன்ஷாட்டாவும் போடாதீங்க, காப்பி பண்ண முடியாது. பதிப்பு எண்ணும் தேதியும் மேலேயே இருக்கட்டும்.

பக்க முகவரியை மட்டும் ரோமன் எழுத்துல வைங்க. 'மதுரை'ங்கிறது யூனிகோடுல 5 குறியீடு, ஒவ்வொண்ணும் 3 பைட். வாட்ஸப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் % குறி போட்டு 3 எழுத்தாகி, அது 45 எழுத்தா விரிஞ்சு பாம்பு மாதிரி நெளியும்.

தேடல் வச்சா இன்னொரு வம்பு. 'கோ'வில் உள்ள ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஏகாரக் குறி, கால்னு ரெண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒண்ணு, மெஷினுக்கு வேற. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி-க்கு (இப்படிப் பிரிஞ்ச குறிகளை ஒண்ணாக்குற யூனிகோடு வடிவம்) மாத்திட்டா சரியாகும். ஆனா 'கௌ'வை 'கெ'வும் 'ள'வும் சேர்த்து அடிச்சிருந்தா என்எஃப்சி ஒண்ணும் செய்யாது, கையாலதான் திருத்தணும்.

வைகைக்கரை:
நன்றிங்க. அப்போ கூட்டக் குறிப்பை யார் எழுதுறது? நானேவா?

நூல்கண்டு:
வேணாம். மாசம் ஒரு ஆளு, கூட்டம் தொடங்கும்போதே பேர் சொல்லிருங்க. ரெண்டு நாளுக்குள்ள ஏறணும், ஒரு வாரம் போச்சுன்னா அவருக்கே மறந்துரும். யார் பேசினாங்க, என்ன சாப்பிட்டாங்கங்கிறது வேணாம். எங்கே மாட்டுச்சு, எந்தக் கட்டளை அவுத்துச்சு, அவ்வளவுதான். அதையும் ரெப்போவுக்குப் புல் ரிக்வஸ்ட்டாவே (என் மாற்றத்தைச் சேர்த்துக்கங்கன்னு கேக்குறது) அனுப்பச் சொல்லுங்க. பல பிள்ளைகளுக்கு அதுதான் முதல் பங்களிப்பா இருக்கும்.