நேரிய சமன்பாடுகளுக்குப் பயிற்சிக் கணக்குகள் தேவை

வணக்கம். கடலூர் முதுநகரில் தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள், தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்கு ஆயத்தமாகி வருகிறாள். ஒரு மாறியில் அமைந்த நேரிய சமன்பாடுகளில் எளியவற்றை விரைவாகவே தீர்த்துவிடுகிறாள். பின்னமும் அடைப்புக்குறியும் சேர்ந்து வரும்போதுதான் தடுமாறுகிறாள். எடுத்துக்காட்டாக, எக்ஸ்/2 − (எக்ஸ் − 1)/3 = 2 என்ற கணக்கில் இருபுறமும் 6 ஆல் பெருக்கிய பின், −2(எக்ஸ் − 1) என்பதை −2எக்ஸ் + 2 என விரிக்காமல் −2எக்ஸ் − 2 என எழுதிவிடுவதால், 10 வர வேண்டிய விடை 14 ஆகிவிடுகிறது. விடையைச் சமன்பாட்டில் பிரதியிட்டுச் சரிபார்க்கும் பழக்கமே இதற்கு மருந்து என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அதற்குப் போதிய கணக்குகள் கையில் இல்லை. இவ்வகைக் கணக்குகளும் வயதுக் கணக்குகளும் விடைகளுடன் உள்ள பழைய வினாத்தாள்கள் யாரிடமேனும் இருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். மஞ்சக்குப்பமோ திருப்பாதிரிப்புலியூரோ, எங்கென்றாலும் நேரில் வந்து வாங்கி, நகலெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுகிறேன்.