போட்டேனா, போடலையா?

நைட் டியூட்டி அக்கா:

பதினோரு வருடமாகச் செவிலியர் வேலை. மருந்துக் கணக்கில் தப்பு வந்ததே இல்லை என்ற மிதப்பு இருந்தது. போன ஆடி மாதம் அது போய்விட்டது.

வார்டில் ஆள் குறைவு. தொடர்ந்து ஆறாவது நைட். பகலில் தூங்கலாம் என்றால் தெருவில் கூழ் ஊற்றுகிறார்கள், ஜன்னலுக்கு நேராக ஸ்பீக்கர். மூன்று மணி நேரம் கண் மூடியிருந்தால் அதிகம். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பதினாலாம் கட்டில் பெரியவருக்கு எட்டு யூனிட் இன்சுலின் ஏற்றி எடுத்துக்கொண்டு போனேன். சட்டையைத் தூக்கச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "இப்பத்தானேம்மா குத்திட்டுப் போனே?"

சார்ட்டைப் பார்த்தால் காலியாக இருக்கிறது, என் கையெழுத்து இல்லை. குப்பியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, நாலு பேருக்கு எடுத்த குப்பி அது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அரை மணிக்கொரு தடவை சுகர் பார்த்தோம். இறங்கிக்கொண்டே வந்தது. ஆக, போட்டிருக்கிறேன்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த முதல் ஊசி இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை. மறந்துபோன விஷயம் என்றால் யாராவது எடுத்துக் கொடுக்கும்போது "அட, ஆமாம்ல" என்று தோன்றும். இது அப்படியும் இல்லை. பதிவாகவே இல்லை.

கைக்குழந்தைக்காரி:

அக்கா, எனக்கு ஏழு மாதப் பிள்ளை. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறான். எந்தப் பக்கம் பால் கொடுத்தேனோ அந்தக் கையில் தலைமுடி ரப்பர் பேண்டை மாற்றிக்கொள்வேன். ஒருநாள் ரப்பர் பேண்டை மாற்றினேனா என்பதே மறந்துபோய் இருட்டில் உட்கார்ந்து அழுதேன். "பிள்ளை பெத்தா புத்தி மந்தமாகும்" என்றார் மாமியார். அப்புறம் அம்மா வந்து, எடுத்து வைத்த பாலைக் கொடுத்து ரெண்டு ராத்திரி பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். புத்தி திரும்பிவிட்டது!

உடலியங்கியல் வாத்தியார்:

"பதிவாகவே இல்லை" என்று சகோதரி எழுதியதுதான் சரியான சொல். அன்றன்று நடப்பதை முதலில் பிடித்து வைப்பது மூளையின் ஹிப்போகேம்பஸ். கிரேக்கத்தில் கடல்குதிரை என்று பொருள், பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். 2007-ல் தூக்க ஆராய்ச்சியாளர் மேத்யூ வாக்கரின் குழு, ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்குப் படங்களைக் காட்டிக்கொண்டே மூளையை ஸ்கேன் செய்தது. தூங்கி வந்தவர்களோடு ஒப்பிட்டால் ஹிப்போகேம்பஸின் வேலை குறைந்திருந்தது. பிறகு இரண்டு இரவு நன்றாகத் தூங்கவிட்டு அந்தப் படங்களைப் பற்றிக் கேட்டார்கள். அப்போதும் அவர்களுக்கு ஞாபகம் குறைவாகவே இருந்தது. விட்டது விட்டதுதான்.

இன்னொரு மறதியும் உண்டு, அது நெற்றிப் பக்க மூளையின் சமாச்சாரம். 1963 டிசம்பர் கடைசியிலிருந்து 1964 ஜனவரி வரை, அமெரிக்காவின் சான் டியாகோவில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயதுப் பையன் 264 மணி நேரம் தூங்காமல் இருந்தான். கடைசி நாளில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 65-ல் நின்றுவிட்டான். ஏன் என்று கேட்டால், என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே மறந்துபோச்சு என்றானாம்.

என் பங்குக்கும் ஒன்று. ராத்திரி ரயிலில் நின்றுகொண்டே வந்து நேராக வகுப்புக்குப் போனேன். ஒரே மணி நேரத்தில் இரண்டு தடவை வருகைப்பதிவு எடுத்திருக்கிறேன். படுபாவிப் பிள்ளைகள், இரண்டாம் தடவையும் பவ்யமாக "பிரசன்ட் சார்" சொல்லியிருக்கிறார்கள்.

மிருதங்கப் பையன்:

எனக்கு நல்ல அனுபவம் ஒன்று. மிஸ்ர சாபு என்ற ஏழெண்ணிக்கைத் தாளத்தில் ஒரு கோர்வை, அதாவது கணக்காக வாசித்து முடிக்கிற சொற்கட்டு, சாயங்காலம் முழுக்க வரவில்லை. "போய்த் தூங்குடா, காலைல கை தானா பேசும்" என்றார் என் மிருதங்க வாத்தியார். காலையில் பேசியது! அதே தைரியத்தில் இன்னொரு தடவை, சாயங்காலம் புதுக் கோர்வை பாடம் பண்ணிவிட்டு ராத்திரி பஸ் ஏறினேன். பின் சீட்டு, பொட்டுத் தூக்கம் இல்லை. மறுநாள் கச்சேரியில் இரண்டாவது சுற்றிலேயே எண்ணிக்கை போய்விட்டது. பாடகர் திரும்பிப் பார்த்த பார்வை மட்டும் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. தூக்கத்தில் கை தானாக வாசித்துப் பார்க்குமா சார்?

உடலியங்கியல் வாத்தியார்:

கை இல்லை தம்பி, மூளை. வில்சன், மெக்நாட்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் எலிகளிடம் பார்த்தார்கள். விழித்து நடமாடியபோது ஹிப்போகேம்பஸில் சேர்ந்து துடித்த செல்கள், பிறகு எலிகள் தூங்கும்போதும் சேர்ந்தே துடித்தன. உன் மூளையும் ராத்திரியில் அதுபோல ஏதோ செய்துகொண்டுதான் இருக்கும். பஸ்ஸில் அதற்கு இடம் கொடுக்கவில்லை நீ.

அமெரிக்க ஷிப்டுக்காரன்:

ஆறு மணி நேரம் எனக்குத் தாராளம் என்று எழுத வந்தேன். எழுதும்போதே ஒன்று உறுத்துகிறது. போன மாதம் பள்ளிக்கூட மீட்டிங்குக்கு வரேன் என்று சொன்னதாக மனைவி சண்டை. சொல்லவே இல்லை என்று நான் சாதித்தேன். போனை நீட்டினாள். காலை 5.10-க்கு என் கையால் அடித்த வாட்ஸ்அப்: "சரி, வந்துடறேன்."

உடலியங்கியல் வாத்தியார்:

அந்தத் "தாராளம்" பற்றித்தான் 2003-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியில் பார்த்தார்கள். இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவோ தூங்கியவர்களுக்குச் சோதனையில் தடுமாற்றம் நாளுக்கு நாள் ஏறியது. ஆனால் தூக்கக் கலக்கம் இருக்கிறதா என்று அவர்களையே கேட்டால், பெரிதாக இல்லை என்றார்கள்.

நைட் டியூட்டி அக்கா:

அன்று காலை யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், சார். இப்போதெல்லாம் ஊசி போட்டதும் "எட்டு யூனிட் போட்டாச்சு" என்று நோயாளிக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, கட்டிலருகே நின்றே கையெழுத்துப் போடுகிறேன். டிஸ்சார்ஜ் அன்று அந்தப் பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். "நேத்தாவது தூங்கினியாம்மா?" என்றார். தூங்கினேன் என்று பொய் சொன்னேன்.