களி போனதற்கு யார் காரணம்?

லத்தேரிக்காரன்:
எங்கள் தாத்தா காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் கேழ்வரகுக் களி என்று சாப்பிட்டுக் கழனி வேலை பார்த்தவர். இப்போது மூன்று வேளையும் சோறு, இட்லி. ஆடியில் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அரிசியில் சொற்பம். சோம்பலில்தான் விட்டுவிட்டோம். மறுக்க முடியுமா?

ஆம்பூர் ஷிப்ட்:
மறுக்கிறேன் அண்ணா. களியைக் கிண்டியது யார், உங்கள் தாத்தாவா? நான் ஷூ கம்பெனிக்குப் போகிறேன். ஏழு மணிக்கு வேன் தெருமுனையில் நிற்கும். அதற்குள் நொய் வெந்து, மாவு கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கை கடுக்கக் கிண்டி, உருண்டை பிடிக்கணும். சூடாகத் தின்றால்தான் களி. டிபன் பாக்ஸில் மதியத்துக்குள் விறைத்துப் போகும். புளிச்சோறு அப்படியே இருக்கும். இதில் சோம்பல் எங்கே வந்தது?

லத்தேரிக்காரன்:
ஞாயிறு லீவுதானே? அன்றைக்கு மட்டும் பிரியாணி கிண்ட நேரம் வருகிறதே!

ஆம்பூர் ஷிப்ட்:
வாரத்தில் அன்றைக்குத்தான் எல்லாரும் ஒன்றாக உட்காருகிறோம். சீரக சம்பா பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கு என்றால் நாத்தனார் குடும்பத்தோடு வருவார். களிக்கு யாரை விருந்து அழைப்பது?

குடியாத்தம் தறி:
இரண்டு பேரும் ரேஷனை மறந்துவிட்டீர்கள். 2011 முதல் கார்டுக்கு அரிசி இலவசம். கேழ்வரகைக் காசு கொடுத்து வாங்கி, மில்லுக்கு வேறு தூக்கிப் போகணும். தறிக்கூலி வாங்குகிறவன் எதைப் பொங்குவான்? அப்புறம், கால்சியம் சரி. கேழ்வரகிலும் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 70 கிராம் மாவுச்சத்துதான். சுகர் இருக்கிற என் அப்பா ‘களிதானே’ என்று மூன்று உருண்டை உள்ளே தள்ளுவார். அவரோடு தினமும் சண்டை.

லத்தேரிக்காரன்:
ரேஷன் சங்கதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் வந்து பாருங்கள். வைத்தியத்துக்கு வந்த வங்காளிகள் லாட்ஜ் அறையிலேயே கடுகெண்ணெயில் மீன் குழம்பு வைத்துச் சோறு பொங்குகிறார்கள். நோயாளியோடு வந்தவர்களே பழக்கத்தை விடவில்லை, நமக்கு என்ன?

ஆம்பூர் ஷிப்ட்:
அவர்கள் ஊரில் தினமும் பொங்குவதைத்தான் இங்கேயும் பொங்குகிறார்கள். நாங்களும் தினமும் பொங்குவதைத்தான் பொங்குகிறோம். சரி, வருகிற ஞாயிறு துடுப்பை நீங்கள் பிடியுங்கள். கருவாட்டுக் குழம்பு எப்படி வைப்பது என்று நான் சொல்லித் தருகிறேன்.

லத்தேரிக்காரன்:
துடுப்பு எந்தப் பரணில் கிடக்கிறதோ, அம்மாவைத்தான் கேட்கணும்.