மிக்ஜாம் வெள்ளத்தில் முழுகிய பத்மினி: எங்கிருந்து ஆரம்பிப்பது?

மடிப்பாக்கம்_86
6 டிசம்பர் 2023

வணக்கம். அப்பாவுடைய 1986 மாடல் பிரீமியர் பத்மினி, வீட்டு ஷெட்டில் நின்றபடியே புயல் தண்ணீரில் மாட்டிக்கொண்டது. திங்கட்கிழமை காலையில் டயர் பாதி வரை இருந்த தண்ணீர், மதியத்துக்குள் சீட்டுக்கு மேல் ஏறிவிட்டது. சுவரில் படிந்த கறையை வைத்துப் பார்த்தால் ஸ்டியரிங்கின் அடிப்பகுதி வரை வந்திருக்கிறது. இன்று காலையில்தான் வடிந்தது. உள்ளே இரண்டு விரல் கனத்துக்குச் சேறு, சாக்கடை நாற்றம்.

ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். ஆயில் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது, குச்சியில் தண்ணீர் முத்து முத்தாக ஒட்டியிருக்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர், “வேற பேட்டரி போட்டு ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாரு, பழைய வண்டி, ஒண்ணும் ஆகாது” என்கிறார்.

அப்பாவுக்கு 76 வயது. ஒரு நாளைக்கு நாலு தடவை மாடியிலிருந்து இறங்கி வந்து பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார். இதை இரும்புக்குப் போட எனக்கு மனசில்லை. சனி, ஞாயிறுகளில் வீட்டிலேயே வைத்து நானே செய்ய முடியுமா?

ஜாபர்கான்பேட்டை_1100
6 டிசம்பர் 2023

தம்பி, செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

நாலு சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும், ஏதாவது ஒன்றில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துதான் இருக்கும். சைலன்சர் வழியாக ஏறிய தண்ணீர் அந்த சிலிண்டருக்குள் போயிருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். உங்கள் வண்டி இன்னும் ஓடாததால் தண்ணீர் சம்பின் (இன்ஜினுக்குக் கீழே ஆயில் நிற்கும் தொட்டி) அடியிலும் ஆயில் அதற்கு மேலேயும் தனித்தனியாக நிற்கின்றன. அதனால்தான் ஆயில் மட்டம் ஏறித் தெரிகிறது. ஓட்டிவிட்டால் இரண்டும் மோர் மாதிரி கலந்து பேரிங் வரை போய்விடும்.

பிளக் நாலையும் கழற்றுங்கள். சம்ப் போல்ட்டைத் திறந்து, தண்ணீர் போய் ஆயிலும் முழுக்க வடியும்வரை விடுங்கள். கியர் பாக்ஸ், பின் சக்கர அச்சின் ஹவுசிங் இரண்டையும் இதேபோல வடிக்க வேண்டும், அவற்றிலும் தண்ணீர் இறங்கியிருக்கும். இன்ஜின் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினால் சிலிண்டரில் உள்ள தண்ணீர் பிளக் ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும். சுற்றவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஊற்றிவிட்டு இரண்டு நாள் காத்திருங்கள்.

ஆனால் இன்ஜினைவிட எனக்குக் கவலை சேறுதான். என் கதையைச் சொல்கிறேன். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது என் பத்மினி கூரை மட்டும் தெரிய நின்றது. எல்லாரையும்போல நானும் இன்ஜினைத்தான் பார்த்தேன். மூன்று வாரத்தில் ஓட விட்டேன், தெருவே வந்து பார்த்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு பஞ்சருக்கு ஜாக்கி வைத்தேன். வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் தகட்டுக்குள் ஏறியது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற தகட்டுக்குள் வெள்ளச் சேறு கட்டியாகி, ஒவ்வொரு மழைக்கும் ஈரம் குடித்து, உள்ளிருந்தே அரித்திருக்கிறது. பத்மினிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. அந்தத் தகடும் தரையும்தான் வண்டிக்கு முதுகெலும்பு.

அதனால் சேறு காய்வதற்குள், நாளைக்கே லீவு போட்டாவது, சீட், மேட், அதன் அடியில் இருக்கும் சணல் விரிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். விரிப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அது ஒரு மாதத்துக்கு ஈரத்தை விடாது. கதவின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, குழாயை உள்ளே விட்டுத் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். எனக்கு அன்றைக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

கையுறையும் பூட்ஸும் இல்லாமல் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் இந்தத் தண்ணீரில்தான் வரும்.

பிரேக்_வேலை
7 டிசம்பர் 2023

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. பிரேக்கைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். நாலு வீலும் டிரம் பிரேக், உள்ளே தண்ணீர் நின்றிருக்கும். ஹேண்ட் பிரேக்கை இப்போதே தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பிரேக் ஆயில் தானாகவே ஈரத்தை இழுக்கிற சரக்கு. பழையது ஒரு சொட்டுகூட மிஞ்சக் கூடாது. வீல் சிலிண்டரைப் பிரித்து உள்ளே விரலால் தடவிப் பாருங்கள், சின்னக் குழி தட்டுப்பட்டாலும் மாற்றிவிடுங்கள். இதில் மட்டும் காசைப் பார்த்து மிச்சம் பிடிக்க வேண்டாம். உதிரிபாகத்துக்கு ஜி.பி. ரோட்டில் விசாரியுங்கள், அங்கே இல்லையென்றால் புதுப்பேட்டை.

செல்ஃப் மோட்டாரையும் டைனமோவையும் கழற்றிப் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். வயரிங்கில் ஒவ்வொரு கனெக்‌ஷனையும் பிரித்துச் சுத்தம் செய்தால் போதும். கம்ப்யூட்டர் இல்லாத வண்டி என்பதால்தான் இதெல்லாம் வீட்டிலேயே முடிகிறது.

மடிப்பாக்கம்_86
28 ஜனவரி 2024

இன்ஜின் கையால் சுற்றியது! சம்பிலிருந்து முதலில் ஒரு லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீர்தான் வந்தது. இரண்டு தடவை மலிவான ஆயில் ஊற்றி வடித்தேன். மூன்றாவது தடவை சுத்தமாக வந்தது. பெட்ரோல் டேங்கை இறக்கியாகிவிட்டது, அதிலும் அடியில் தண்ணீர். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.

கதவுக்குக் கீழே அலசியதில் இரண்டு பக்கெட் சேறு வந்தது. ஆனால் இடது பக்கம், ஜாக்கி வைக்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், உள்ளே போய்விட்டது. இது இந்த வெள்ளத்தில் வந்த துரு இல்லை, பழசு. பட்டி வைத்துப் பூசியிருக்கிறார்கள். ஒரு சாணுக்கு மேல் வெட்ட வேண்டியிருக்கும்போலத் தெரிகிறது. வெல்டிங் செய்கிறவர் வீட்டுக்கே வருகிறேன் என்கிறார். என்ன கவனிக்க வேண்டும்?

ஜாபர்கான்பேட்டை_1100
28 ஜனவரி 2024

குத்திப் பார்த்தது நல்லது. வெட்டுவதற்கு முன்னால், கதவு இருக்கும் இடைவெளியில் குறுக்கே இரும்புப் பைப் வைத்து, முன் தூணையும் நடுத் தூணையும் சேர்த்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் எந்தக் கதவும் சரியாக மூடாது. வண்டி ஜாக்கியில் தொங்கக் கூடாது, நாலு சக்கரமும் தரையில் இருக்கட்டும். ஒரு பக்கம் முழுக்க முடிந்த பிறகுதான் மறுபக்கம்.

டேங்கை இறக்கியது சரி, ஆனால் அதை ஷெட்டிலேயே வைக்காதீர்கள். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

துரு இல்லாத தகடு தெரியும்வரை வெட்டச் சொல்லுங்கள். உள்பக்கம் ஜிங்க் பிரைமர் அடித்த பிறகே மூட வேண்டும். வடிகால் ஓட்டையை மறக்காமல் விடச் சொல்லுங்கள், வெல்டிங்காரர்கள் அதையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள்.

வெட்டுகிற அன்றைக்கு அப்பாவைக் கீழே வர விடாதீர்கள். தகடு பிரிந்து கிடப்பதைப் பார்க்க அவருக்குத் தாங்காது. கதவு ‘டப்’பென்று ஒரே தள்ளில் மூடுகிற அன்றைக்குக் கூப்பிடுங்கள்.