இடுப்பளவு தண்ணீரில் கழுத்து ஒடிந்த ஸ்கூப்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பாயான்லெப்பாஸ்காரன் எழுதியது:

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. முந்தின நாள் மாலை அங்கே குளித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவின் தாலிக்கொடி அலையில் கழன்று விழுந்துவிட்டது. நான் மெட்டல் டிடெக்டர் வைத்துக் கடற்கரையில் தேடுகிறவன் என்பதால், தெரிந்தவர் மூலம் இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது. காலையில் நான் போய்ச் சேரும்போது அந்த அக்கா மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கணவரோடு கரையில் நின்றிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் படபடப்பாகிவிட்டது. காசு தேடுவது வேறு, இது வேறு.

குளித்த இடத்தைக் கையைக் காட்டிச் சொன்னார்கள். நேற்று மாலை தண்ணீர் எங்கே இருந்தது, இன்று எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டு முழங்காலிலிருந்து இடுப்புவரை தண்ணீருள்ள பகுதியில் டிடெக்டரோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். நாற்பது நிமிடம் கழித்துச் சுத்தமான ஒரு சத்தம் கேட்டது. இரண்டு பக்கமிருந்தும் ஒரே மாதிரி கேட்டது. டிடெக்டரின் அடித்தட்டான காயிலுக்குப் பின்னால் கால் கட்டைவிரலை வைத்து இடத்தைப் பிடித்துக்கொண்டு, மண்ணை அள்ளிச் சலிக்கிற, நீளக் காம்பு வைத்த ஓட்டைக் கூடையான ஸ்கூப்பை இறக்கி, குதிகாலால் ஒரு மிதி. அப்புறம் காம்பைப் பின்னால் சாய்த்தேன்.

'டக்' என்றது.

காம்பு மட்டும் கையோடு வந்தது. கூடை மண்ணுக்குள். கூடையும் காம்பும் சேரும் கழுத்தில் வெல்டிங் அப்படியே விட்டுவிட்டது. ஆன்லைனில் 70 வெள்ளிக்கு வாங்கியது, குறை சொல்ல எனக்கு வாயில்லை. குனிந்து கூடையைக் கையால் பிடுங்கியதில் மண் முழுக்கக் கலைந்துபோயிற்று. தண்ணீருக்குள் தோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குழி என்று ஒன்று அங்கே நிற்காது. எடுக்க எடுக்க மண் சரிந்து மூடும். முதல் அள்ளலிலேயே பொருள் கூடைக்குள் வந்தாக வேண்டும், இல்லையென்றால் அது இன்னும் ஆழமாக இறங்கும்.

மினரல் பாட்டிலைத் தூண்டில் நரம்பில் கட்டி, ஒரு கல்லைப் போட்டு இடத்துக்கு அடையாளம் வைத்தேன். அதற்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. மறுநாள் வேலைக்கு லீவு போட்டு, இரவல் ஸ்கூப்போடு போனால் பாட்டில் அங்கே இல்லை. ஏறக்குறைய அதே இடத்தில் மூன்று மணி நேரம் தோண்டியதில் கிடைத்தது ஒரு 50 சென், இரண்டு ஆணி, பான டின்னின் இழுப்பு வளையம் ஒன்று. அந்த அலுமினிய வளையம் பல டிடெக்டர்களில் தங்கம் மாதிரியேதான் பாடும். முந்தின நாள் கேட்ட சத்தம் அதுதானா, தாலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அக்காவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் "இன்னொரு நாள் பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டிடெக்டருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு ஸ்கூப்பில் மிச்சம் பிடித்தவன் நான். இந்த முறை ஒழுங்காக வாங்க வேண்டும், அல்லது செய்ய வேண்டும். தண்ணீரில் தோண்டுகிறவர்கள், நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்.

வெல்டிங் மாமா, பட்டர்வொர்த்:

தம்பி, கழுத்து ஒடியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். காம்பைச் சாய்க்கும்போது அது ஒரு நெம்புகோல். நாலடி காம்பின் நுனியில் நீ கொடுக்கிற எடையெல்லாம் பல மடங்காகி அந்த ஒரு விரற்கடை வெல்டிங்கில் இறங்குகிறது. அங்கே குழாயைத் தகட்டில் வெறுமனே ஒட்டியிருந்தால் எவ்வளவு நாள் தாங்கும்? கூடையின் பின்பக்கத்திலிருந்து காம்புக்கு முக்கோணமாக ஒரு தாங்கு கம்பி வேண்டும். கடையில் ஸ்கூப்பைப் பார்த்தால் முதலில் அதைத் தேடு. அது இல்லையென்றால் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே.

தகடு 2 மில்லிமீட்டர் போதும். 1.5 என்றால் எடை குறையும், ஆனால் வாய் விளிம்பு சிப்பியில், கல்லில் பட்டு மடங்கும். எவர்சில்வர் என்று சொன்னாலே நம்பாதே. எவர்சில்வரில் பல ஜாதி. சமையல் பாத்திரத்துக்கு 304 என்கிற ரகம் சரி. கடலுக்கு 316 என்கிற ரகம்தான் நல்லது, ஏனென்றால் அதில் மாலிப்டினம் இரண்டு மூன்று சதவீதம் கலந்திருக்கும், உப்பு அரிப்பைத் தாங்கும். 304-ஐயும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் ஓட்டலாம். கடைக்குப் போகும்போது ஐஸ்பெட்டியில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போ. தகட்டின் நடுவில் பிடித்துக்கொண்டால் அது மட்டமான ரகம். மடித்த மூலையில் மட்டும் லேசாக இழுத்தால் பயப்படாதே, வளைக்கும்போது 304-க்கு அப்படி வரும். காந்தத்தால் 304-க்கும் 316-க்கும் வித்தியாசம் தெரியாது, அதற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்தான்.

இன்னொன்று. என் பட்டறைக்கு வரும் ஸ்கூப் எல்லாம் துருப்பிடிப்பது வெல்டிங் ஓரத்தில்தான். சூட்டில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் ஏறும் பார், அதைப் பிக்லிங் பேஸ்ட் என்கிற அமிலப் பசை போட்டு எடுக்காமல் விட்டால் உப்பு அங்கேதான் முதலில் கடிக்கும். சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தவன் வேலையும் அப்படித்தான், இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடிக்கும். எவர்சில்வர் பிரஷ்தான் பயன்படுத்த வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிடு. சொன்னால் முறைப்பார்கள், பரவாயில்லை.

காம்பு அலுமினியம் என்றால் எடை குறைவு, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் எவர்சில்வர் போல்ட்டோடு கடல் தண்ணீரில் சேர்த்தால் அலுமினியத்தைத்தான் அது தின்னும். நடுவில் நைலான் வாஷர் போட வேண்டும். குழாய்க் காம்பின் அடியில் ஒரு வடிகால் ஓட்டையும் வேண்டும், உள்ளே உப்புத் தண்ணீர் தங்கக்கூடாது.

தெலுக் பஹாங் மருமகள்:

மாமா சொல்வதெல்லாம் சரி, ஆனால் மாமா ஒரு நாளாவது அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் நடந்திருப்பாரா? என் முதல் ஸ்கூப் 2 மில்லிமீட்டர் தகட்டில் பெரிய கூடை, மூன்று கிலோவுக்கு மேல். ஈரமண் நிரம்பினால் குழந்தையைத் தூக்குவது மாதிரி. மறுநாள் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. இப்போது வைத்திருப்பது சின்னக் கூடை, இரண்டு கிலோவுக்குள். காம்பு என் அக்குள் உயரம். இடுப்பளவு தண்ணீரில் அதைவிடக் குட்டையாக இருந்தால் முகம் தண்ணீரைத் தொட்டுவிடும்.

ஓட்டையைப் பற்றி யாரும் பேசவில்லையே? நம் 5 சென் காசின் குறுக்களவு 17.78 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் எந்தக் காசும் தப்பாது, மோதிரமும் பெரும்பாலும் தப்பாது, மண் சட்டென்று வடிந்துவிடும். ஆனால் நம் பெண்கள் தொலைப்பது மோதிரம் மட்டுமா? தோடு, திருகாணி, மூக்குத்தி, மெல்லிய சங்கிலி எல்லாம் அதில் நழுவும். பாயான்லெப்பாஸ் அண்ணே, கழன்று விழுந்த தாலிக்கொடியைத் தேடுகிறீர்கள் என்றால், உங்கள் ஸ்கூப் ஒடியாமல் இருந்திருந்தாலும், அள்ளித் தூக்கிய வேகத்தில் சங்கிலி பாம்பு மாதிரி ஓட்டை வழியே இறங்கியிருக்கும். என்னிடம் 12 ஓட்டைக் கூடைக்குள் வைக்கிற மாதிரி மெல்லிய எவர்சில்வர் வலை ஒன்று இருக்கிறது. சின்னப் பொருள் என்று தெரிந்தால் மட்டும் வைப்பேன், ஏனென்றால் வலையோடு சலிக்க நேரமாகும்.

எங்கள் ஊரில் சிங்கமுகக் காளியம்மன் கோயில் மாசி மகத்துக்கு வந்திருப்பீர்கள். பௌர்ணமியை ஒட்டி வருவதால் அந்த நாட்களில் நீர் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். திருவிழா முடிந்து போய்த் தேடினால் ஒரு தோடாவது கிடைக்கும். உரியவர்களைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. கிடைத்தது எப்படி இருக்கும் என்று சொல்லாமல், தொலைத்தவர்களையே அடையாளம் சொல்ல வைப்பேன்.

அப்புறம் காலைத் தூக்கித் தூக்கி வைக்காதீர்கள், தேய்த்துக்கொண்டே நடங்கள். மண்ணில் படுத்திருக்கும் திருக்கை அந்த அதிர்வுக்கு விலகிப் போய்விடும்.

சேற்றுக்கால்:

தஞ்சோங் பூங்கா பக்கம் என் அனுபவம் நேர் எதிர். அங்கே நான் தோண்டும் இடம் மணலும் சேறும் கலந்தது. 12 ஓட்டையில் சேறு அடைத்துக்கொள்ளும், தண்ணீருக்குள் பத்து முறை ஆட்டினாலும் போகாது. ஓட்டை 16 வைத்திருக்கிறேன், 5 சென்னுக்கு அது போதும். மூக்குத்தி போனால் போகட்டும்.

வாயில் பல் வைத்த ஸ்கூப் வாங்கிப் பார்த்தேன். சிப்பியிலும் வேரிலும் மாட்டிக்கொள்கிறது. கலங்கிய தண்ணீரில் என் கால் எது, பல் எது என்று தெரியாமல் ஒரு நாள் மூன்று தையல். நடுவில் லேசாகக் கூம்பிய நேர் விளிம்பே போதும்.

பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1786-இல் காட்டை வெட்ட ஆட்களைக் கிளப்புவதற்காக வெள்ளிக்காசைப் பீரங்கியில் வைத்துச் சுட்டார் என்ற கதையைக் கேட்டுவிட்டு, கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் ஸ்கூப்போடு கிளம்பிவிடாதீர்கள். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 இருக்கிறது. தற்செயலாகப் பழம்பொருள் கிடைத்தாலும் மாவட்ட அதிகாரியிடமோ மரபுடைமை ஆணையரிடமோ தெரிவிக்க வேண்டும்.

பாயான்லெப்பாஸ்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் யோசித்து, மாமாவுக்கு வரைந்து அனுப்பிச் செய்து வாங்கிவிட்டேன். 316 தகடு, வாயும் அடியும் மட்டும் 2 மில்லிமீட்டர், பக்கங்கள் 1.5. மருமகள் சொன்ன எடைக்காக அப்படி. 12 ஓட்டை, உள்ளே கழற்றி மாட்டுகிற வலை. தாங்கு கம்பி ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது, மாமா கேட்காமலே போட்டுக் கொடுத்தார். மிதிக்கிற இடத்தில் விரல் அகலத் தகடு ஒன்று. எடை இரண்டு கிலோ இருநூறு. 360 வெள்ளி ஆயிற்று.

அமாவாசைக்கு மறுநாள் நீர் வற்றும் நேரத்தில் பத்து ஃபெரிங்கி போகிறேன். அந்த அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இடையில் ஒரு தகவல்: ஸ்கூப்பைக் கொண்டு வந்து சமையலறை வாசலில் சாய்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அம்மா, "வடை எடுக்கிற ஜல்லிக்கரண்டிக்கு இவ்வளவு பெரிய காம்பா?" என்று சொல்லிக்கொண்டே அதில் இரண்டு கட்டு கங்கோங் கீரையை அலசி, குழாயடியில் வடியவிட்டிருந்தார்.